அதே ஐம்பத்தெட்டு கிலோ

எடை மெஷின் பதினேழு வருஷமாக ஐம்பத்தெட்டு கிலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அரைக் கிலோ கூடும், இன்னொரு தடவை அரைக் கிலோ குறையும், அவ்வளவுதான். மெஷின் பொய் சொல்லவில்லை. மேலே ஏறி நிற்கிறவளின் கையிலும் காலிலும் கன்னத்திலும் இருந்த சதையை வழித்து எடுத்து வயிற்றிலும் பிடரியிலும் அப்பிவைத்தால் அதற்கென்ன தெரியும், மொத்தம் ஒன்றுதானே. மெஷினை விடுங்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டவர்களுக்கு இரண்டு கண் இருந்ததே, அதைத்தான் கட்டரம்மாவால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டரம்மா என்பது பட்டறையில் வைத்த பெயர். சீருடை தைக்கிற பட்டறை அது. பள்ளிக்கூடம், ஓட்டல், காவலாளிகளை அனுப்புகிற கம்பெனி என்று யார் கேட்டாலும் நூறு, இருநூறு என்று தைத்துக் கொடுப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருபத்திரண்டு தையல் மெஷின், ஒரே ஒரு வெட்டுமேஜை. அந்த மேஜை அவளுடையது. முப்பது அடுக்குத் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுவாள். ஒரு நூல் தப்பினால் முப்பது சட்டை போச்சு. அவள் கையில் தப்பியதில்லை. முதலாளிகூடக் கட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவளுக்கு டேப்பே வேண்டாம், ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டல் மேனேஜர் ஒருவர் வந்து, "இடுப்பு முப்பத்தெட்டு போட்டுக்குங்க" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நாற்பத்திரண்டு போடுறேன் சார், நீங்க முப்பத்தெட்டுன்னே நெனச்சுக்குங்க. இப்ப மூச்சை விடுங்க" என்றாள். பட்டறையே சிரித்தது. மேனேஜரும்தான் சிரித்தார்.

அவள் புருஷன் அதே பட்டறையில் பின்கட்டில் இஸ்திரி போடுகிறவன். நாள் முழுக்க நீராவிக்குள் நின்று, தைத்து வந்த சட்டைகளுக்கு மடிப்பு வைத்து அடுக்குவான். கோடையில் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் நமக்குத் தலை சுற்றும். அவன் பத்து மணி நேரம் நிற்பான். நின்றபடியே எல்லாவற்றுக்கும் ஒரு கருத்தும் சொல்வான்.

இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அவள் வயிற்றில் மகள் இருந்தபோது எடுத்த ரத்தத்தில் தெரியவந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்ற பஞ்சாயத்தை அந்த வருஷமே பேசி, அழுது, மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள். நாமும் அதைக் கிளற வேண்டாம். அன்று தொடங்கிய மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. பட்டறையில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் லீவு போட்டுவிட்டு, "சொந்தக்காரங்க வீட்டுல ஒரு விசேஷம்" என்று சொல்லிக் கிளம்புவார்கள். இவர்கள் சொந்தத்தில்தான் எத்தனை விசேஷம் என்று மெஷின்காரிகள் பொறாமைப்பட்டார்கள்.

மாத்திரை வேலை செய்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மகள் கிருமி இல்லாமல் பிறந்தாள். ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனையும் சுத்தம் என்று வந்தது. அன்றைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்று கட்டரம்மா தனக்கு ஒரு மஞ்சள் சட்டை தைத்துக்கொண்டாள். இடுப்பில் இருபத்தொன்பது அங்குலம், பொருத்தமான கை, சின்னக் கழுத்துப்பட்டி. பெட்டியின் அடியில் அது இன்னும் இருக்கிறது.

மூன்றாவது வருஷம்தான் முதலில் பார்த்தாள். சட்டைக் கை தொளதொளத்தது, இடுப்பில் பொத்தான் இறுக்கியது. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்படி இரண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டர், "பசி நல்லா எடுக்குதில்ல? மாத்திரை ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். சோத்தைக் கொறைச்சு நடங்க" என்றாள். கட்டரம்மா சோற்றைக் குறைத்தாள். நடந்தாள். கை இன்னும் மெலிந்தது, வயிறு இன்னும் வந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள்.

அவள் செய்த தப்பு இதுதான், வேறு யாருக்கும் செய்ய வராத தப்பு. நல்ல தையல்காரி என்பதால் வந்த தப்பு. மெலிந்த கைக்கு உள்துணி வைத்துக் கனமாகத் தைத்தாள். வயிற்றுக்கு மேலே துணியை மடித்து மடித்து, மடிப்பு எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி விட்டாள். பிடரியில் முஷ்டி அளவுக்கு ஒரு மேடு எழும்பியபோது கழுத்துப்பட்டியை உயர்த்தித் தோளில் பஞ்சு வைத்தாள். கன்னத்தை மட்டும் எந்தத் துணியாலும் மூட முடியவில்லை. "வயசாகுதுல்ல" என்று சொல்லிவைத்தாள். ஒவ்வொரு வருஷமும் உடம்பு ஒரு பக்கம் கோணினால், சட்டை இன்னொரு பக்கம் அதை நேராக்கியது. அவ்வளவு சுத்தமான வேலை. பாராட்டத்தான் ஆள் இல்லை.

போன மாதம் ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று அறுபது என்று வந்தது. "இனிப்பைத் தொடாதீங்க, வாயைக் கட்டுங்க" என்றாள் சிஸ்டர், பேனாவை மூடிக்கொண்டே. இஸ்திரிக்காரன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் சர்க்கரை டப்பாவை எடுத்து அலமாரி மேல் வைத்தான். அவள் தட்டில் எத்தனை கரண்டி சோறு விழுகிறது என்று பார்த்தான். டீ குடித்தால் டம்ளரை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தான். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று அவனுக்கு ஒரு முடிவு.

அதற்கடுத்த வாரம்தான் பஸ்ஸில் அது நடந்தது. வேலை முடிந்து நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்த ஒருவன் அவள் முகத்தைப் பார்த்து, "பாட்டிக்கு இடம் கொடுங்கப்பா" என்று பக்கத்திலிருந்தவளை எழுப்பினான். எழுந்தவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பாட்டியா? மாசமா இருக்காங்க, கண்ணு தெரியலையா?" என்றாள். இருவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. நாற்பத்து நாலு வயது கட்டரம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழைத் தூறலில் மூன்று நிறுத்தம் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்று மாலை மாத்திரையை வாயில் போடவில்லை. மறுநாள் காலையும் போடவில்லை.

மாத்திரைப் பாட்டிலில் மீதி இருந்தால் புருஷன் எண்ணிவிடுவான். அதனால் வேளைக்கு ஒன்றாக எடுத்துத் தன் பொத்தான் டப்பாவில் போட்டாள். வெள்ளைப் பொத்தானோடு வெள்ளை மாத்திரை. அந்த டப்பாவை அவளைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரிக்காரனின் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தது. அவள் அடுப்படியில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டால் சண்டை வரும் என்று தானே டப்பாவைத் திறந்தான். சண்டை அங்கே தயாராகக் காத்திருந்தது.

"இது என்ன?" உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றான்.

"பொத்தான்."

"பொத்தானுக்கு நாலு ஓட்டை இருக்கும். இதுக்கு எங்க ஓட்டை?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"பதினெட்டு இருக்கு. ஒன்பது நாளா? ஏய், ஒன்பது நாளா நீ மாத்திரை போடல?"

"எண்ணத் தெரியுதுல்ல. அப்புறம் என்ன கேள்வி?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? செத்துப் போயிருவ! பதினேழு வருஷம் ஒரு வேளை தப்பாம போட்டுட்டு, இப்ப வந்து... ஏன்? எதுக்கு?"

"எதுக்கா? என்னைப் பாருங்க. நல்லாப் பாருங்க. இந்தக் கையைப் பாருங்க, நரம்பு மேல தோலைப் போத்தி வெச்ச மாதிரி இருக்கு. இந்த வயித்தைப் பாருங்க. முதுகுல ஏறி உக்காந்திருக்கே, இதைப் பாருங்க. நான் இப்படியா இருந்தேன்? இந்த மாத்திரைதான் என்னைப் பிச்சுப் பிச்சு வேற இடத்துல ஒட்டியிருக்கு."

"மாத்திரை மேல பழியைப் போடாத. வாயைக் கட்டுன்னு சிஸ்டர் சொன்னாங்களா இல்லையா?"

"என்னத்தை நான் தின்னேன்? சொல்லுங்க. நீங்கதான் என் டம்ளரை நக்கிப் பாக்குறீங்களே, இனிச்சுதா?"

"நானும் அதே மாத்திரைதான் போடுறேன்! அதே பாட்டில், அதே வெள்ளை. எனக்கு என்ன ஆச்சு? இருபது வருஷமா எனக்கு முப்பத்திரண்டு இடுப்பு." அவன் பேண்ட்டின் இடுப்புப் பட்டியைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த அளவுச் சீட்டைக் காட்டினான். "பாரு, முப்பத்திரண்டு. கட்டுப்பாடு வேணும். அது இல்லாதவங்கதான் மாத்திரையைக் கொறை சொல்வாங்க."

கட்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்தாள். அந்தப் பேண்ட்டைப் பற்றி அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பக்கத்திலிருந்த வேகாத முட்டை ஒன்றை எடுத்து மேஜை மேல் ஓங்கி வைத்தாள். அது நசுங்கி மஞ்சள் கரு வழிந்தது.

"அப்பா, நிறுத்துங்க." மகள் எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. பதினாறு வயது. அம்மாவின் நறுக்கென்ற பேச்சும் அப்பாவின் பிடிவாதமும் அவளுக்கு வஞ்சகமில்லாமல் வந்திருந்தன. "அம்மா, மாத்திரை போடு."

"போடமாட்டேன்."

"எனக்காகப் போடு."

"உனக்காகத்தான்டி பதினேழு வருஷம் போட்டேன். இப்ப எனக்காக ஒண்ணு கேக்குறேன். இது மாத்திரையால வந்துச்சு, நான் தின்னு வரலன்னு அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர், ஒரே ஒருத்தர், எழுதித் தரட்டும். அடுத்த நிமிஷம் போடுறேன். அதுவரைக்கும் ஒரு மாத்திரை என் தொண்டைக்குள்ள இறங்காது."

இஸ்திரிக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. முதல் வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தவர்கள் மாத்திரை கிடைக்காமல் எப்படிப் போனார்கள் என்பதை அவன் பார்த்திருந்தான். கட்டரம்மாவும் பார்த்திருந்தாள். அதனால்தான் அவள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"நாளைக்கே போ," என்றாள் மகள். "கேளு. ஆனா நீ தைச்ச சட்டையைப் போட்டுட்டுப் போகாத. அதைப் போட்டுட்டுப் போனா யாருக்கும்மா தெரியும்? எனக்கே நீ குளிச்சிட்டு வரும்போதுதான் தெரியும்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்துவந்து அம்மாவின் கையில் திணித்தாள். "இதைப் போட்டுட்டுப் போ."

திங்கள்கிழமை காலையில் வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், மற்ற நோயாளிகள் வராத பக்கமாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள் அந்தப் பிரிவை. நீண்ட தாழ்வாரம், சுவரோரம் மரப் பெஞ்சுகள், மேலே சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பல வருஷமாகத் தெரியும். பெயர் கேட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பூக்கடைக்காரி இருந்தாள், லாரி ஓட்டுகிற ஒருவர் இருந்தார், பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற அம்மா இருந்தாள்.

கட்டரம்மா மஞ்சள் சட்டையில் உள்ளே வந்தபோது பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் மாட்டியிருந்தன. அதற்குக் கீழே நான்கு பொத்தான் மாட்டவே இல்லை, இரண்டு பக்கமும் நாலு விரல் விலகி உள்சட்டை தெரிந்தது. கை, கொடியில் காய்கிற துணிபோல ஆடியது. கழுத்துப்பட்டி பிடரி மேட்டில் இடித்து நட்டுக்கொண்டு நின்றது. பதினாலு வருஷம் மறைத்ததை ஒரே நாளில் நடுக்கூடத்தில் போட்டு நடந்தாள். முகம் எரிந்தது அவளுக்கு. ஆனால் தலையைக் குனியவில்லை. பின்னால் வந்த இஸ்திரிக்காரன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சிஸ்டர் அதே மேஜைக்குப் பின்னால் இருந்தாள், கோப்புகள் மலைபோல. "மெஷின்ல ஏறுங்க. எத்தனை?"

"ஐம்பத்தெட்டு."

"நல்லது. இருமல், காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

சிஸ்டரின் பேனா கட்டங்களில் ஓடியது. அதற்குப் பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை, எழுதிக்கொண்டே போனாள். கட்டரம்மா மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். முதலாளி கையில் பிடித்திருக்கும் ஆர்டர் சீட்டை எதிர்ப்பக்கம் நின்றே தலைகீழாகப் படித்துப் பழகியவள் அவள். அப்படித்தான் அதையும் படித்தாள். "உடல் அமைப்பில் மாற்றம்" என்று ஒரு கட்டம். அதற்கு நேரே சிஸ்டர் எழுதிய சொல், "இல்லை." மை இன்னும் காயவில்லை.

"என்ன எழுதுனீங்க?"

"எப்பவும் எழுதுறதுதாம்மா. அடுத்து..."

"இல்லைன்னு எழுதியிருக்கீங்க. என்னைப் பாக்காமலே எழுதுனீங்க. நிமிர்ந்து பாருங்க, சிஸ்டர்."

சிஸ்டர் நிமிர்ந்தாள். வாய் லேசாகத் திறந்தது.

"எத்தனை வருஷமா இந்தக் கட்டம் இருக்கு?"

"அது... ரொம்ப வருஷமா இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா."

"மூணாவது வருஷம் சொன்னேன். சோத்தைக் கொறைன்னீங்க." கட்டரம்மாவின் குரல் உயர்ந்தது. தாழ்வாரத்தில் பெஞ்சுகள் கிரீச்சிட்டன, ஆட்கள் எழுந்து நின்றார்கள். "நான் சீருடை வெட்டுறவ, சிஸ்டர். உங்க தோள் பதினாலரை. வலது தோள் கால் அங்குலம் இறக்கம், அந்தப் பக்கம்தான் பையை மாட்டுவீங்க. போன வருஷத்தைவிட இடுப்புல ஒண்ணரை அங்குலம் ஏறியிருக்கீங்க, ஊக்கு குத்தி வெச்சிருக்கீங்க. நீங்க உக்காந்த இடத்தைவிட்டு எழுந்திரிச்சே நான் பாத்ததில்ல. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை, ரெண்டு நிமிஷம் பாக்குற எனக்கு இவ்வளவு தெரியுது. பதினேழு வருஷமா என்னை எதிர்ல நிக்கவெச்சு நீங்க என்னத்தைப் பாத்தீங்க?"

சிஸ்டரின் கை தன்னையறியாமல் இடுப்பில் குத்தியிருந்த ஊக்குக்குப் போனது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தூக்கம் போதாத முகம். என்ன சண்டை என்று அவர் கேட்கவில்லை. மஞ்சள் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், "திரும்புங்க" என்று சொல்லிப் பிடரி மேட்டில் கை வைத்தார். பதினேழு வருஷத்தில் அந்த இடத்தில் விழுந்த முதல் டாக்டர் கை அது. பிறகு கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பின்னால் திருப்பினார். இல்லை, இல்லை, இல்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு.

"இது மாத்திரையால வந்ததா, டாக்டர்? நான் தின்னு வந்ததா? அதை மட்டும் சொல்லுங்க."

"மாத்திரையாலதான். நீங்க போடுறது ரொம்பப் பழைய மாத்திரை. உயிரைக் காப்பாத்தும், சிலருக்கு உடம்பை இப்படி ஆக்கிடும். கொழுப்பு ஒரு இடத்துல கரைஞ்சு இன்னொரு இடத்துல சேரும். ரத்தத்துல கொழுப்பு ஏறும். உங்க சர்க்கரையிலயும் அதுக்குப் பங்கு இருக்கு." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். "இந்த மாதிரி மாற்றம் இருக்கிறவங்களுக்கு முதல்ல மாத்திரையை மாத்திக் கொடுங்கன்னு உத்தரவு வந்து ஏழு வருஷம் ஆகுது. இங்க நூறு பேருக்கு மேல மாத்தியிருக்காங்க. 'ஆம்'னு எழுதியிருந்த ஃபைலை எல்லாம் எடுத்து மாத்தினாங்க."

"என்னோடது?"

டாக்டரம்மா கோப்பைக் கீழே வைத்தார். "உங்களோடதுல 'இல்லை'ன்னு இருந்துச்சு."

ஒரு சொல். ஏழு வருஷத்தை ஒரு சொல் தின்றுவிட்டது. கட்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை, மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்த்திருந்தாலும் தப்பில்லை.

"இப்ப மாத்துனா பழையபடி ஆகுமா?"

"பொய் சொல்ல மாட்டேன். வயிறு கொஞ்சம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். கையும் கன்னமும் முழுசாத் திரும்பாது. சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வரலாம், அதுக்குத் தனியா மருந்து தர்றேன். இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம்."

"மூணாவது வருஷமே மாத்தியிருந்தா?"

"அப்ப வேற மாத்திரை இருந்துச்சான்னு தெரியல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மாத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்றார்.

"பத்து நாள் ஆச்சு."

"அது பெரிய தப்பு. கிருமி திரும்பக் கிளம்பிடும்."

"தப்புதான். என் தப்பு எனக்குத் தெரியும். இன்னொண்ணும் தெரியும், நல்ல சட்டையாத் தைச்சுப் போட்டு உங்க கண்ணையெல்லாம் மறைச்சதும் நான்தான். அதையும் ஒத்துக்கிறேன்." அவள் கோப்பை டாக்டரம்மாவின் பக்கம் தள்ளினாள். "இப்ப உங்க தப்பை எழுதுங்க. நான் பாக்கணும்."

டாக்டரம்மா சிஸ்டரிடமிருந்து பேனாவை வாங்கினார். "இல்லை" என்பதை அடித்தார். மேலே "ஆம்" என்று எழுதினார். அதன் பக்கத்தில், "பல ஆண்டுகளாக. மாத்திரையின் விளைவு. நோயாளி தெரிவித்தும் பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டரம்மா அதைத் தலைகீழாகவே மூன்று தடவை படித்தாள். ரத்தம் எடுத்தார்கள். புது மாத்திரையில் முதலாவதைப் பாட்டிலிலிருந்து எடுத்து, கூட்டுகிற அம்மா நீட்டிய தண்ணீரில் அங்கேயே விழுங்கினாள்.

இஸ்திரிக்காரன் அப்போதுதான் மூச்சு விட்டான். "சரி, வா, போலாம்" என்றான்.

"அக்கா." பூக்கடைக்காரி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். தன் மேல்துணியை விலக்கிக் கையை நீட்டினாள். "எனக்கும் கை இப்படித்தான் ஆயிட்டே வருது. அளந்து பாக்குறீங்களா? நான் சொன்னா எழுத மாட்டாங்க."

கட்டரம்மாவின் பையில் டேப் எப்போதும் இருக்கும். எடுத்தாள். "மேல்கை ஏழே முக்கால். வயிறு முப்பத்தெட்டரை. சிஸ்டர், இவங்க ஃபைலை எடுங்க. எழுதுங்க." அடுத்து கூட்டுகிற அம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் லாரிக்காரர், சட்டையை அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, வரிசை தானாக வந்தது. கட்டரம்மா பட்டறையில் கத்துவதுபோல அளவைக் கத்தினாள். ஒவ்வொரு எண்ணிலும் அவள் கோபம் இருந்தது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து ஆளைப் பார்த்துவிட்டு எழுதினாள். டாக்டரம்மா அறைக்குள் திரும்பிப் போகவில்லை.

ஆறாவது ஆள் முடிந்ததும் அவள் திரும்பினாள். "நீங்க வாங்க."

"எனக்கா? எனக்கு எதுக்கு?" இஸ்திரிக்காரன் பின்வாங்கினான். "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் முப்பத்திரண்டு, எல்லாருக்கும் தெரியும்."

"வா இப்படி. நில்லு."

இருபது வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் வந்து நின்றான். டேப்பை இடுப்பில் சுற்றி இழுத்துப் பிடித்தாள். பிறகு தொடையில் சுற்றினாள், பேண்ட் துணி கொத்தாகக் கையில் வந்தது.

"இடுப்பு முப்பத்தேழு. தொடை பதினாறு."

"டேப்பு தப்பா இருக்கும்."

"டேப்பு சரியாத்தான் இருக்கு. உன் பேண்ட்டுல இருக்கிற சீட்டுதான் பொய். ஒவ்வொரு வருஷமும் இடுப்பைப் பிரிச்சு விட்டேன், கால் பக்கம் துணியைக் குறுக்கிப் பிடிச்சேன், பழைய சீட்டை எடுத்துத் திரும்பத் தைச்சேன். நீ மனசு உடைஞ்சு போயிருவன்னு தைச்சேன். பன்னெண்டு வருஷமாத் தைச்சேன். அதைக் காட்டித்தான் என்னைத் தின்னிப்பண்டாரம்னு சொன்ன."

இஸ்திரிக்காரன் இடுப்புப் பட்டியைத் திருப்பி அந்தச் சீட்டைப் பார்த்தான். நான்கு ஓரமும் பொடித் தையல், ஒரு நூல் பிசிறு இல்லை. அவள் கைவேலை அவனுக்குத் தெரியாதா. பல வருஷமாக நீராவி வைத்து அவனே தேய்த்த சீட்டு.

சிஸ்டர் அவன் கோப்பை எடுத்துவைத்துப் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன எழுதட்டும்?"

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆம்னு எழுதுங்க," என்றான். பிறகு யாருக்குச் சொல்கிறான் என்று தெரியாதபடி, "சர்க்கரையும் பாத்துருங்க" என்றான்.

கட்டரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் வீட்டில் நேரம் இருக்கிறது. டேப்பை உதறி நேராக்கிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.